கேஸ் டீச்சர்

"நம்ம தக்கலைக்காரிக்க மவளுக்கு காலேஜில நாத்தம் பிடிக்குத வேலையாம்."

"சம்பளம் உண்டா?"

"மாசாமாசம் உண்டாம்."

"அப்போ எங்க வீட்டாளுக்கு எவ்வளவு சம்பளம் குடுக்கணும்? கால் கிலோ சாளை மீனுக்கு மூணு கடை மோந்து பாக்குத மனுசனாக்கும்."

நாகர்கோவில் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தது இது. தக்கலைக்காரியின் மகள் பின்னால்தான் இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் பார்வதிபுரம் வரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியே வைத்திருந்தேன். அவர்கள் சொன்னதில் பெரிய தவறும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கேஸை, கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துணுக்கைக் கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற நிறமாக மாற்றுவதுதான் என் தொழில். சான்றிதழில் அதற்கு 'நானோ ஒளியியல்' என்று பேர். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "பிள்ள என்ன செய்யுது?" என்று கேட்டதும் அவசரமாக ஒரு வாய்ச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டித் தப்பித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மஞ்சள்

2009-இல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் குப்பி கழுவினேன். ஏழாவது மாதம் ஒரு நாள், எங்கள் வழிகாட்டி மேடம் என் முன்னால் இரண்டு கரைசல்களை வைத்தார். ஒன்று வெள்ளி உப்பு கலந்தது. மற்றொன்று ஐஸ் நிறைந்த பாத்திரத்துக்குள் இருந்தது. "ஐஸ்ல இருக்கதுக்குள்ள வெள்ளியச் சொட்டுச் சொட்டா விடு. அவசரப்பட்டா கறுத்துப் போகும்" என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார். இரண்டும் வெறும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தன. பத்தாவது சொட்டோ பதினோராவதோ விழுந்தபோது குடுவைக்குள் ஒரு மஞ்சள் எழும்பியது. பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். அது மெல்லச் சுழன்று குடுவை முழுக்கப் பரவியது.

அது வெள்ளி. ஒரு தலைமுடியின் தடிமனை நாலாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்கு வந்துவிட்டால், வெள்ளிக்குத் தன் பழைய நிறம் மறந்துபோகும். வெளிச்சத்தில் உள்ள ஊதாவையும் நீலத்தையும் தான் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நமக்கு விட்டுவிடும். அந்த மிச்சம்தான் மஞ்சள். இதைப் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருந்தேன். இருந்தும் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். உலகம் தோன்றிய நாளிலிருந்து இப்படி இருந்திருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் காட்டியிருக்கிறார்கள்.

ஆய்வுக்கூட உதவியாளர் செல்லம்மா அக்கா எட்டிப் பார்த்தார். "இது வெள்ளியா?" என்றார். ஆமாம் என்றேன். "தங்கத்த இப்பிடிச் செய்தா?" என்றார். சிவந்துவிடும் என்றேன். அவர் கழுத்துச் சங்கிலியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "எனக்கப் பக்கத்துல வந்திராத பிள்ளே, கேட்டியா! இது எங்கம்மை போட்டதாக்கும்."

மிஞ்சி

அந்த மஞ்சளைச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளில் பூசினோம். ஹைட்ரஜன் சல்பைடு என்று ஒரு கேஸ் உண்டு. அழுகின முட்டையின் மணம் அதனுடையது. அது பட்டால் சில்லின் மஞ்சள் மங்கி, பழுப்பாகி, கடைசியில் கறுக்கும். எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெளியில் கொண்டுபோய்ச் சோதிக்க முதலில் தேர்ந்தெடுத்தது தேங்காப்பட்டணம் பக்கம் ஒரு காயலோரம். கயிறு திரிக்கிறதுக்காகத் தேங்காய் மட்டையை, ஊரில் தொண்டு என்பார்கள், மாதக்கணக்கில் தண்ணீருக்குள் அழுகப் போட்டிருக்கும் இடம். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றேன். தொண்டு தல்லி நார் எடுக்கிற பெண்கள் அதே இடத்தில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிஷத்தில் சில்லு பழுப்பாகிவிட்டது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வெட்கத்தை விட்டுவிட்டு, அவர்களில் பக்கத்தில் இருந்த பகவதி அக்காவிடம் காட்டினேன். "பாருங்கக்கா, இது மஞ்சளா இருந்தது. இதுல வெள்ளி இருக்கு. இங்க உள்ள கேஸ் பட்டு நிறம் மாறிட்டுது." அவர் சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேற்றிலிருந்து காலைத் தூக்கி, கையால் வழித்து, கால்விரலில் கிடந்த மிஞ்சியைக் காட்டினார். அந்த வெள்ளி மெட்டி அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது.

"கலியாணத்துக்குப் போறப்ப புளி போட்டுத் தேய்ச்சு வெளுப்பாக்குவேன். வந்து மூணாம் நாளு இப்பிடி ஆயிரும். இதுக்கா பிள்ளே எம்மெஸ்ஸி படிச்சிய?"

ஒரே க

சில்லின் உண்மையான வேலை காயலில் இல்லை, மீன்பிடித் துறைமுகத்தில்தான் என்று மேடம் சொன்னார். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளின் அடியில் மீனை ஐஸ் போட்டு வைக்க ஓர் அறை இருக்கும். மேலே ஒரு மூடி, உள்ளே இறங்க ஒரு ஏணி, அவ்வளவுதான். ஐஸ் தீர்ந்து மீன் அழுகினால் அந்த அறையில் இதே கேஸ் கட்டி நிற்கும். அளவு மிஞ்சினால் இறங்குகிற ஆள் திரும்பி ஏறமாட்டார். எனவே துறைமுகத்துப் படகுக்காரர்களின் சங்கத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு நேரில் பேச வராது. கடிதம் நன்றாக எழுதுவேன் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. "தங்கள் படகுகளின் ஐஸ் அறையில் உள்ள கேஸ் விவரங்களைச் சேகரிக்க வருகிறோம். மூடியைத் திறந்து காட்டி ஒத்துழைக்க வேண்டுகிறேன்" என்று எழுதி, மேடத்தின் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் போட்டு அனுப்பினேன்.

போன அன்று, எப்போதும் படகு நெருக்கும் துறையில் மூன்றே மூன்று படகுகள்தான் நின்றன. மற்றவை இரவோடு இரவாக வேறு துறைக்குப் போய்விட்டனவாம். சங்க அலுவலகத்தில் ஐந்து பேர் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமினார். "கேஸ் விவரம் எல்லாம் இதுல இருக்கு டீச்சரே. வலைத் தகராறு மூணு, எல்லை தாண்டினது ரெண்டு. ஒண்ணு தள்ளுபடி ஆயாச்சு."

நமக்கு இருப்பது ஒரே க. அடுப்பில் எரிகிற கேஸும் நீதிமன்றத்தில் நடக்கிற கேஸும் எழுதும்போது ஒன்றுதான். "அந்தக் கேஸ் இல்ல சார், ஐஸ் அறைக்குள்ள இருக்குதது" என்று இழுத்தேன். "அதுக்கும் கேஸ் போட்டாச்சா?" என்று ஒருவர் எழுந்தே விட்டார். கதவோரம் சாய்ந்து நின்ற ஒரு மனிதர் அப்போது பெரிதாகச் சிரித்தார். நாற்பது வயது இருக்கும். குட்டையான, வலுவான கால்கள். படகு வந்ததும் மூடியைத் திறந்து முதலில் இறங்குகிறவர் அவர்தான், பேர் சூசை அண்ணன். "ஏலே, வக்கீல் கேஸு இல்லலே, கெட்ட மணம் உள்ள கேஸு! டீச்சரம்மா மணம் பிடிக்க வந்திருக்கு" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, என் கையில் இருந்த சில்லைப் பார்த்தபடி என் பக்கம் திரும்பினார். அன்றிலிருந்து அந்தத் துறையில் என் பேர் கேஸ் டீச்சர்.

"அதுக்கு எதுக்கு டீச்சரே கண்ணாடித் துண்டு? நான் ஒருத்தன் இங்க இருக்கம்லா."

பதினாறு குப்பிகள்

அவர் சும்மா சொல்லவில்லை. மூடியை அரை விரல் திறந்து, உள்ளே என்ன மீன், எத்தனை நாள் ஆயிற்று, ஐஸ் மிச்சம் உண்டா என்று சொல்லிவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். மேடத்துக்கு ஆர்வம் வந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போக்கு இல்லாத ஒரு நாள், சூசை அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பதினாறு குப்பிகளை வரிசையாக வைத்திருந்தேன். எட்டில் வெறும் தண்ணீர். எட்டில் அந்தக் கேஸ், ஒரு தீங்கும் செய்யாத அளவுக்கு, குப்பிக்குக் குப்பி குறைத்துக் குறைத்துக் கரைத்தது. கடைசி மூன்றில் இருந்த அளவை என் சில்லே கண்டுபிடிக்கவில்லை. மஞ்சளாகவே கிடந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தார். இருக்கு. இல்ல. இல்ல. இருக்கு. பதினாறும் சரி. ஒரு குப்பியை மட்டும் தனியே தள்ளி வைத்து, "இதுல நீங்க சொன்ன மணம் இல்ல. ஆனா சோப்பு போவல்ல" என்றார். அது நான் அவசரத்தில் கழுவின குப்பி. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக நானும் மேடமும் வெள்ளியை நறுக்கி நறுக்கிச் செய்ய முயன்றது ஒன்று, இந்த மனிதரின் இரண்டு மூக்குத் துளைகளுக்குள் ஏற்கெனவே இருந்தது. எனக்குப் பொறாமை வரவில்லை. கோயிலுக்குள் நிற்பது மாதிரி இருந்தது.

சூசை அண்ணன் என் சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்குச் சளி பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்காது என்றேன்.

"செரி. அப்போ அது ஒண்ணுதான் இதுக்கு எனக்க மேல கூடுதல்."

இருட்டில் வைத்த துளி

அன்றைக்கே இன்னொன்றும் காட்டினேன். விலங்கியல் துறையிலிருந்து இரவல் வாங்கிய நுண்ணோக்கி. விளக்குக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டினால், நேரே வருகிற வெளிச்சம் மறைந்து பின்னணி இருண்டுவிடும். பக்கவாட்டில் வந்து வெள்ளித் துணுக்கில் பட்டுச் சிதறுகிற வெளிச்சம் மட்டும் கண்ணுக்கு வரும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு புள்ளி. கொஞ்சம் பெரியது சிவப்பு, சின்னது நீலம், நடுவில் பச்சை. தண்ணீருக்குள் எல்லாம் சும்மா இராமல் துடித்துக்கொண்டிருக்கும். இதை முதன்முதலில் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

சூசை அண்ணன் ஒற்றைக் கண்ணை இறுக்கிக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. எங்கே, ஏதாவது தெரிகிறதா என்று கேட்க நினைத்தபோது, கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அமாவாசைக்கு நடுக்கடல்ல மல்லாந்து கெடந்தா இதேதான் டீச்சரே. நமக்கு அங்க மேல கெடக்கும். நீங்க இத ஒரு சொட்டு வெள்ளத்துக்குள்ள பிடிச்சு வச்சிருக்கிய."

ஓய்ந்துபோகிற மூக்கு

கேண்டீனில் சாயா வாங்கிக் கொடுத்தேன். "அப்போ எனக்க மூக்கு போதும்லா? எழுதிக் குடுங்க, சங்கத்துல ஒட்டி வைக்கட்டு" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் மூடியைத் திறந்து முதலில் இறங்குகிறவர் அவர். எனக்கு வேறு வழியில்லை. கொஞ்சமாக இருக்கும்போது அவர் மூக்கை மிஞ்ச எதுவும் இல்லை என்றேன். நிறைய இருக்கும்போது அந்தக் கேஸ் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும் என்றேன். முதலில் மணம் வரும். பிறகு மணம் போய்விட்ட மாதிரி இருக்கும். போனது கேஸ் இல்லை, மூக்குதான். "மணம் நின்னுட்டுன்னா அப்பத்தான் அண்ணே இறங்கவே கூடாது." அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் சாயாக் கிளாசைக் கீழே வைத்தார். "எங்க அண்ணன் இப்பிடி ஒரு அறைக்குள்ளதான் போனான். நாலு வருசம் ஆச்சு" என்றார். "மூடியத் தொறந்தப்போ ரெண்டு பேரும் மூக்கப் பொத்தினோம். கொஞ்சம் கழிஞ்சு அவன் எறங்கினான். எறங்கும்போது என்னப் பாத்துச் சொன்னான், 'மணம் போயாச்சுலே, வா'ன்னு. நானும் காலெடுத்து வச்சேன். எனக்க சட்டை ஆணியில மாட்டிக்கிட்டுது. அத எடுத்துவிட்டுட்டுப் பாத்தா அவன் கீழ கெடக்கான்."

அவர் எழுந்தார். சாயா பாதி அப்படியே இருந்தது.

"நெஞ்சடைப்புன்னுதான் ஆசுபத்திரியில எழுதியிருக்கு. எங்க அப்பன் காலத்துல இருந்து இந்த மூக்கு எங்களுக்குப் பொய் சொன்னதில்ல டீச்சரே."

பதினோராம் நாள்

தடைக்காலம் முடிந்த பிறகு வாரம் ஒரு நாள் துறைமுகத்துக்குப் போய், வருகிற படகின் மூடிக்குள் சில்லை இறக்கிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே அனுமதித்தார்கள். சூசை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. நான் சில்லை வெளியே எடுப்பதற்குள் மூடிக்குள் குனிந்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு இறங்கிவிடுவார். அந்த வாரங்களில் எல்லாம் சில்லும் மஞ்சளாகவே இருந்தது. ஒரு ஆராய்ச்சியாளர் தன் சோதனையில் ஒன்றும் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும் என்று வாரந்தோறும் வேண்டிக்கொண்டது எங்கள் துறையில் நானாகத்தான் இருக்கும்.

ஏழு நாளில் வரவேண்டிய ஒரு படகு, எஞ்சின் கெட்டு, இன்னொரு படகு இழுத்துவர, பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு வந்தது. ஐஸ் எப்போதோ தீர்ந்துவிட்டது. அறை நிறையக் கோழித் தீவனத்துக்குப் போகிற கழிவு மீன். அதை ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. மூடியைத் திறந்ததும் கரையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் காற்று வருகிற பக்கமாக நின்று, நூலில் ஈயக்குண்டு கட்டிய சில்லை இறக்கினேன்.

"சவத்தச் சீக்கிரம் அள்ளிப் போடுங்கலே, அங்க கோழி பட்டினி கெடக்கு" என்று லாரிக்காரர் கத்தினார். படகை ஓட்டுகிற ஸ்ராங்க் பதினோரு நாள் தாடியோடு மூடிக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு வீட்டுக்குப் போகவேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்து அவரே குனிந்து முகர்ந்து பார்த்தார். "மணம் எல்லாம் போயாச்சு. சூசை, எறங்குலே."

நூலை இழுத்தேன். சில்லு முழுக்கக் கறுத்திருந்தது. அதில் மஞ்சள் என்று சொல்ல ஒரு ஓரம்கூட இல்லை. "வேண்டாம்" என்றேன். பக்கத்துப் படகின் எஞ்சின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். சூசை அண்ணன் ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்திருந்தார். நான் ஓடிப்போய் சில்லை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் கண்ணை மூடி, மூடிக்குள் குனிந்து, ஒரு தடவை மெல்ல மூச்சை இழுத்தார்.

"என்னடே, மணம் இருக்கா?" என்றார் ஸ்ராங்க்.

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு நிக்கிய? எறங்கு."

சூசை அண்ணன் படியிலிருந்து காலை எடுத்தார். குனிந்து, ஏணியை இரண்டு கையாலும் பிடித்து மேலே உருவினார். அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்ராங்கைத் தாண்டிப் படகின் மறுபக்கம் போய், கடலுக்குள் எறிந்தார்.